ஏவன் ஆற்றுப் போட்டி: தண்ணீர் குறைந்த ஆண்டில் எப்படித் தயாராவது?

குறுக்குத்துறை எழுதியது:

வணக்கம். ஊர் திருநெல்வேலி, இருப்பது பெர்த். வார இறுதிகளில் கேனிங் ஆற்றில் கயாக் ஓட்டுகிறேன். ஓடாத தண்ணீரில் நாள் முழுக்கத் துடுப்புப் போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. அந்தத் துணிச்சலில் அலுவலக நண்பர் ஒருவரும் நானும் ஆகஸ்டில் நடக்கும் ஏவன் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். நார்தமில் புறப்பட்டு பேஸ்வாட்டர் வரை 124 கிலோமீட்டர், இரண்டு நாள். ஆளுக்கொரு படகு.

ஜூலை பாதி கடந்தும் மழை சரியாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நார்தமுக்குப் போய்த் தடுப்பணையைப் பார்த்தேன். அணை மேல் வழிகிற தண்ணீர் கணுக்காலை நனைக்குமா என்பதே சந்தேகம். கீழே பாறைகள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன.

நண்பருக்கு இதில் மகிழ்ச்சிதான். "தண்ணீர் குறைவென்றால் பயமே இல்லை. கவிழ்ந்தால் எழுந்து நின்றுவிடலாம்" என்கிறார். எனக்கும் நீச்சல் நன்றாகத் தெரியும். தாமிரபரணியில் படித்துறையிலிருந்து குதித்து வளர்ந்தவன். ஆனால் வீட்டில் மனைவி சமாதானமாகவில்லை.

கேட்க நினைப்பது இவைதான். தண்ணீர் குறைவாக இருப்பது உண்மையிலேயே பாதுகாப்பா? மீதமிருக்கும் வாரங்களில் எதைப் பழக வேண்டும்? நண்பரிடம் நீளமான ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று சும்மா கிடக்கிறது. எனக்கு அதைத் தருகிறேன் என்கிறார். வாடகைக்குக் கனமான பிளாஸ்டிக் கயாக்கும் கிடைக்கிறது. எது நல்லது?

---

ஈப்போ மாமா எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர் சொன்னதை முதலில் காதிலிருந்து துடைத்து எறியுங்கள். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்பதுதான் இந்த ஆற்றில் நீங்கள் செய்யக்கூடிய ஆக மோசமான காரியம். அதுவும் தண்ணீர் குறைந்த ஆண்டில்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். படகு கவிழ்கிறது, நீங்கள் வெளியே வருகிறீர்கள். தண்ணீர் தொடை அளவுதான். இயல்பாகவே காலை ஊன்றுவீர்கள். அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்து. ஷூவின் முனை அதில் நுழைகிறது. பின்னாலிருந்து நீரோட்டம் முதுகைத் தள்ளுகிறது. கால் அங்கேயே நிற்கிறது, உடல் மட்டும் முன்னால் சாய்கிறது. முகம் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த நிலையில் நிமிர்ந்து எழ எந்தப் பயில்வானாலும் முடியாது. நீச்சல் தெரிந்தவர், உயிர்காப்பு அங்கி அணிந்தவர், தொடையளவுத் தண்ணீரில் மூழ்கிப்போவது இப்படித்தான். ஆறு நிறைந்து ஓடும்போது கால் தரைக்கு எட்டாது என்பதால் இந்த ஆபத்து குறைவு. வற்றிய ஆறு அடிக்கு அடி இந்தப் பொறியை வைத்திருக்கிறது.

ஆகவே ஒரே விதி. ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் நிற்கக் கூடாது. மல்லாந்து படுங்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து, நீர் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் வெளியே தெரியும்படி வையுங்கள். இடுப்பைத் தூக்கியே வையுங்கள். வருகிற பாறையைப் பாதத்தால் உதைத்து விலகுங்கள். கைகளால் பின்னோக்கித் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். உட்காரும் இடம் தரையில் உரசி நிற்கும் வரை எழுந்திருக்க வேண்டாம். புட்டத்தில் நான்கு இடத்தில் கன்றிப்போகும். ஒரு வாரம் நாற்காலியில் சாய்ந்து உட்காருவீர்கள். போகட்டும்.

உங்கள் தாமிரபரணி நீச்சலைக் குறை சொல்லவில்லை. சுழி எங்கே, கசம் எங்கே என்று கரையிலிருந்தே சொல்லத் தெரிந்த கண் உங்களுக்கு இருக்கும். அது இங்கேயும் உதவும். ஆனால் படித்துறையில் குதிப்பவர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் குதிக்கிறார். இங்கே ஆறுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஹெல்மெட், உயிர்காப்பு அங்கி, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு நீந்துவது வேறு நீச்சல். கேனிங் ஆற்றிலேயே அந்த உடுப்போடு இறங்கி, வேண்டுமென்றே கவிழ்ந்து, துடுப்பையும் படகையும் கையில் பிடித்தபடி கரைசேரப் பழகுங்கள். ஸ்பிரே டெக் (தண்ணீர் புகாமல் இருக்கையின் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் உறை) போடுவதாக இருந்தால் அதன் இழுபட்டை எப்போதும் வெளியே தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தலைகீழாக, ஒரு கையால் இழுத்துக் கழற்ற வர வேண்டும். அது வராதவரை அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் இறங்காதீர்கள்.

இன்னொன்று. கவிழ்ந்த படகுக்கு மேல்நீர்ப் பக்கமே, அதாவது தண்ணீர் வருகிற பக்கமே இருங்கள். படகுக்குள் 200 லிட்டர் தண்ணீர் புகுந்தால் அது 200 கிலோ. அதற்கும் பாறைக்கும் நடுவே உங்கள் இடுப்பு மாட்டக் கூடாது. இழுத்துப் பிடித்துக் காப்பாற்ற முடியாத படகை விட்டுவிடுங்கள். படகு கடையில் கிடைக்கும்.

இனி ஆற்றைப் பற்றி. பலர் இதை ஒரு வாய்க்கால் என்று நினைக்கிறார்கள். ஏவனின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறக்குறைய 1,20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அவ்வளவு பெரிய நிலத்திலிருந்து ஏன் தண்ணீர் வரவில்லை என்றால், கிழக்கே உள்ள பெரும்பகுதி உப்பு ஏரிகள். மிகப் பெரிய மழை பெய்தால் ஒழிய அவை வழிந்து ஆற்றுக்கு வருவதில்லை. போட்டிக்குத் தண்ணீர் கொடுப்பது மேற்கே உள்ள கோதுமை நிலங்களில் பெய்யும் குளிர்கால மழை. 1970களிலிருந்து தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மழை குறைந்துகொண்டே வருகிறது. மழை கொஞ்சம் குறைந்தாலே ஆற்றுக்கு வரும் நீர் அதைவிட அதிகமாகக் குறையும். காய்ந்த மண் முதலில் தன் பங்கைக் குடித்துவிடுகிறது அல்லவா? போட்டி தொடங்கியது 1973இல். அந்தக் காலத்துக் கதைகளை வைத்து இன்றைய ஆற்றுக்குத் தயாராக முடியாது.

மாநில நீர்வளத் துறை ஆற்றில் அளவுமானிகள் வைத்திருக்கிறது. புறப்படும் நார்தமிலும், இரண்டாம் நாள் பாதையில் வரும் வால்யங்காவிலும் நீர்மட்டம் எப்படிப் போகிறது என்று இணையத்தில் தினமும் பாருங்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரு மட்டத்தில் நேரில் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு, அன்றைய எண்ணைக் குறித்துவையுங்கள். அப்போதுதான் அடுத்த முறை எண்ணைப் பார்த்ததும் எந்தப் பாறை மூடியிருக்கும், எது வெளியே நிற்கும் என்று மனத்தில் தெரியும்.

இரண்டாம் நாள் பாதை ஏவன் பள்ளத்தாக்குக்குள் போகும். அங்கே பாறைகளைவிட நான் பயப்படுவது தேயிலை மரங்களுக்கு. பெயர்தான் தேயிலை, நம் கேமரன் மலைத் தோட்டத்துத் தேயிலைக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆற்றுப் படுகையிலேயே புதராக வளர்ந்து நிற்கும். ஆறு அந்தப் புதர்களுக்குள் புகுந்து பல கிளைகளாகப் பிரியும். தண்ணீர் கிளைகளின் ஊடே போய்விடும்; நீங்களும் படகும் போக முடியாது. வடிகட்டியில் சக்கை நிற்பதுபோல் நிற்பீர்கள், பின்னாலிருந்து ஆறு அழுத்திக்கொண்டே இருக்கும்.

அங்கே கூட்டமாகப் போகாதீர்கள். முன்னே போகிறவர் திருப்பத்தைக் கடந்தாரா என்று தெரிந்த பிறகு நீங்கள் நுழையுங்கள். துடுப்பைப் படகின் நீளவாக்கில் மடக்கி, தலையைக் குனிந்து முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளுங்கள். பின்னால் சாய்ந்தால் கிளை முகத்தில் அறையும். மேலே தொங்குகிற கிளையைக் கையால் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிடித்தால் நீங்கள் நிற்பீர்கள், படகு போய்விடும். அடுத்த நொடி தண்ணீரில் இருப்பீர்கள். ஒருவேளை நீந்திக்கொண்டே புதரை நோக்கி இழுக்கப்பட்டால், அப்போது மட்டும் மல்லாந்து படுப்பதை மறந்துவிடுங்கள். குப்புறத் திரும்பி, தலையை முன்னால் வைத்து, முழு வேகத்தில் நீந்தி, கிளைகளின் மேல் ஏறிப் படுத்துவிடுங்கள். உடல் கிளைக்கு மேலே போக வேண்டும், கீழே போகக் கூடாது.

பாறையில் படகு பக்கவாட்டாக மோதினால் பாறைப் பக்கம் சாயுங்கள். கட்டிப்பிடிக்கிற மாதிரி. மனம் அதற்கு எதிராகத்தான் சொல்லும். பாறையிலிருந்து விலகிச் சாய்ந்தால் மேல்நீர் படகின் விளிம்பில் ஏறி, படகைப் புரட்டி, பாறையைச் சுற்றி மடித்துவிடும். சாய்ந்தபடியே கையால் பாறையைத் தள்ளித் தள்ளி முன்னோ பின்னோ நழுவுங்கள்.

படகு விஷயம். உங்கள் முதல் போட்டி, தண்ணீர் குறைவு, பாறை அதிகம். பிளாஸ்டிக். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஃபைபர்கிளாஸ் படகு வேகமானது. ஆனால் பாறையைப் பார்த்துத் திருப்பத் தெரிந்தவர் கையில்தான் அது வேகம். தெரியாதவர் கையில் முதல் நாள் பாதையில் வரும் டூஜே ஊருக்கு முன்பே ஓட்டை விழும், பிறகு பொழுதெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். சும்மா கிடக்கும் படகு ஏன் சும்மா கிடக்கிறது என்றும் நண்பரிடம் கேளுங்கள். எந்தப் படகானாலும் முன்னும் பின்னும் காற்றுப்பையோ நுரைக் கட்டையோ அடைத்திருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு இடம் அடைபடுகிறதோ அவ்வளவு தண்ணீர் குறைவாகப் புகும். சுக்கான் படகின் அடிவயிற்றில் இருந்தால் முதல் மணல்திட்டிலேயே போய்விடும். வால்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும் வகை நல்லது.

கடைசியாக, நடை. வற்றிய ஆற்றில் இது பாதி நடைப்போட்டி. கனமான படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறை மேல் நடப்பதும், பள்ளத்தில் இழுப்பதும், ஏறுவதும், மறுபடி இறங்குவதும்தான் ஆளைக் கொல்லும். வாரத்தில் இரண்டு மாலை துடுப்பை வைத்துவிட்டு, படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

---

தையல்நாயகி எழுதியது:

ஈப்போ மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், வழக்கம்போல நீளமாக. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

முதலாவது குளிர். ஆகஸ்ட் காலையில் நார்தமில் கை விறைத்துப்போகும். தண்ணீர் குறைவான ஆண்டில் அடிக்கடி இறங்கி இடுப்பளவு நனைந்து மறுபடி ஏறி உட்காருகிறீர்கள், காய்வதற்கே நேரமிருக்காது. பருத்திச் சட்டை வேண்டவே வேண்டாம். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மேலங்கி. குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டதை அவரவர் உணர மாட்டார்கள். கூட வருகிறவர்தான் கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, அங்கியின் பக்கிளைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தால், அங்கேயே போட்டியை நிறுத்திவிட்டுப் பாதுகாப்புக் குழுவினரைக் கூப்பிடுங்கள். விசிலை அங்கியிலேயே கட்டி வையுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள்.

இரண்டாவது கால். வெறுங்காலும் கூடாது, செருப்பும் கூடாது. பாசி பிடித்த பாறையில் பிடிமானம் தரும் அடித்தளம் உள்ள, கணுக்காலை ஓரளவு மூடுகிற, லேஸ் கட்டுகிற ஷூ. லேஸ் முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். தொங்குகிற வளையம் படகுக்குள் கால்மிதியில் மாட்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்குக் கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் காப்பு போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் ஆண்கள் சிரிக்கிறார்கள், பிறகு தையல் போட வருகிறார்கள்.

டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் உப்பு. ஓட்டம் குறைந்தால் தேங்கிய இடங்களில் அழுக்கும் சேரும். அதைக் குடிக்க வேண்டாம், காயத்தில் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குடிதண்ணீரை நினைத்ததைவிட அதிகமாக எடுத்துப்போங்கள். குளிரில் தாகம் தெரியாது.

தம்பி, சர்க்கரை, ஆஸ்துமா ஏதாவது உண்டென்றால் பதிவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஹேலர் அங்கியின் பையில் இருக்க வேண்டும், படகின் பின்பகுதியில் அல்ல.

---

கரையோரம் தேவி எழுதியது:

எனக்குத் துடுப்புப் பிடிக்கவே தெரியாது. என் கணவர் ஓட்டுவார், நான் காரில் சோற்றையும் காய்ந்த உடையையும் வைத்துக்கொண்டு அவரைத் துரத்துவேன். ஆகவே இது உங்கள் மனைவிக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, முதல் நாளில் பல இடங்களில் ஆற்றங்கரை வரை காரில் போகலாம். கேத்ரின், டூஜே எல்லாம் எளிது. இரவு தங்குமிடமான காப்ளர் பூல் தாண்டி இரண்டாம் நாள் பள்ளத்தாக்கில் நுழைந்துவிட்டால் பெரும்பாலான இடங்களுக்குச் சாலை கிடையாது. ஆற்றை ஒட்டி ரயில் பாதை போகிறது. ஆள் வராத பாதைபோலத் தோன்றும், ஆனால் நீளமான சரக்கு ரயில்கள் ஓடும். அதன்மேல் நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கைப்பேசியும் பல இடங்களில் வேலை செய்யாது. அடுத்து அவரை நீங்கள் பார்ப்பது வால்யங்காவில் அல்லது பெல்ஸ் ரேப்பிட்ஸ் பாலத்தில் என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் குறைந்தால் எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள். போன ஆண்டு நேரத்தை வைத்து எதிர்பார்த்தால் கரையில் நின்று நகத்தைக் கடிப்பீர்கள். எத்தனை மணிக்குள் எந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் நேரம் வைத்திருப்பார்கள். அந்தத் தாளை நீங்களும் ஒரு பிரதி வைத்திருங்கள். அந்த நேரம் தாண்டினால் அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது அவமானம் இல்லை. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவார். ஃபிளாஸ்கிலிருந்து சூடாக ரசம் ஊற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

சாப்பாடு: படகில் இருந்தபடி ஒரு கையால் சாப்பிடக்கூடியது வேண்டும். இறுக்கமாக உருட்டிய புளியோதரை உருண்டைகளைச் சின்ன ஜிப் பைகளில் போட்டுக் கொடுங்கள். பையின் ஓரத்தைப் பல்லால் கிழிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். விறைத்த விரலுக்கு ஜிப் திறக்க வராது.

---

குறுக்குத்துறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தேவி அக்கா எழுதியதை மனைவி அவரே படித்தார். இப்போது ரசம் பற்றி மட்டும் சமாதானம்.

மாமா, நீங்கள் சொன்னபடி நேரில் போய்ப் பார்த்தேன். பெல்ஸ் ரேப்பிட்ஸ் பாலத்தில் வெகுநேரம் நின்றேன். ஆனால் எனக்கு எல்லாமே வெள்ளையாகவும் பாறையாகவும்தான் தெரிகிறது. மூன்று பேர் கயாக்கில் வந்தார்கள். முதலாமவர் இடப்பக்கம் போய்ச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டார். இரண்டாமவர் நடுவில் போய் இரண்டு பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. முதலாமவர் எதைப் பார்த்து இடப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் புரியவில்லை.

நண்பர் இன்னமும் ஃபைபர்கிளாஸ் படகுதான் என்கிறார். ஒட்டுப்போடும் நாடா இருந்தால் போதுமாம். அதையும் கொஞ்சம் விளக்குங்கள்.

---

ஈப்போ மாமா எழுதியது:

பாலத்தில் நின்றது நல்ல வேலை. மறுபடி போங்கள், இந்த முறை படகுகளைப் பார்க்காமல் தண்ணீரின் வடிவத்தை மட்டும் பாருங்கள்.

மேலிருந்து கீழே ஓடும் தண்ணீரில் இரண்டு விதமான கூர்முனைகள் தெரியும். கூர்முனை உங்களைப் பார்த்து, அதாவது மேல்நீர்ப் பக்கம் பார்த்து இருந்தால், அந்த முனையில் ஒரு பாறை இருக்கிறது. தலை வெளியே தெரியாவிட்டாலும் இருக்கிறது. தண்ணீர் அதில் முட்டி இரு பக்கமும் விரிகிறது. கூர்முனை கீழ்நீர்ப் பக்கம் பார்த்து, நாக்குப்போல வழவழப்பாக, கொஞ்சம் கறுப்பாக இருந்தால், இரண்டு தடைகளுக்கு நடுவே தண்ணீர் சேர்ந்து போகும் வழி அது. நீங்கள் பார்த்த முதலாமவர் அந்தக் கறுத்த நாக்கில்தான் படகை வைத்திருப்பார். இரண்டாமவர் வெள்ளையைப் பார்த்துப் போயிருப்பார். வெள்ளை என்றால் நிறையத் தண்ணீர் என்று தோன்றும். ஆழமில்லாத இடத்தில் வெள்ளை என்றால் பாறையில் அடிபடும் தண்ணீர். இருண்டதும் வழவழப்பானதும்தான் ஆழம்.

ஆனால் நாக்கின் முடிவு எங்கே என்பதையும் பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அழகான நாக்கு நேரே ஒரு புதரில் கொண்டுபோய் விடலாம். முடிவு தெரியாத இடத்தில் கரையொதுங்கி, இறங்கி, நடந்துபோய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் போனால் போகட்டும். வால்யங்கா பூங்காவில் சிட்ஸ் ரேப்பிட் என்ற பாய்ச்சல் வரை ஆற்றோரமாகவே நடைபாதை இருக்கிறது. ஒரு காலைப்பொழுது அதில் நடந்து, ஒவ்வொரு பாய்ச்சலிலும் நின்று, "நான் எங்கே நுழைவேன், எங்கே வெளியே வருவேன், கவிழ்ந்தால் எந்தப் பக்கம் நீந்துவேன்" என்று வாய்விட்டே சொல்லிப் பாருங்கள்.

வளைவுகளில் பொதுவாக வெளிவளைவுதான் ஆழம். உள்வளைவில் மணல் சேரும். ஆனால் வெளிவளைவில்தான் மரங்களும் சாய்ந்து நிற்கும். ஆகவே வெளிவளைவை ஒட்டிப் போகாமல் நடுவுக்கும் அதற்கும் இடையே ஒரு கோடு பிடியுங்கள். முழங்காலுக்கும் குறைவான ஆழத்தில் படகு திடீரென்று கனத்துப்போகும், வால் கீழே உட்காரும். அங்கே பலத்தைக் காட்டினால் இன்னும் உட்காரும். உடலை முன்னால் சாய்த்து, துடுப்பைப் பாதி மட்டும் நனைத்து, சின்னச் சின்னதாக வேகமாக இழுங்கள். அப்படியும் உரசினால் இறங்கி நடங்கள். உட்கார்ந்துகொண்டே கையால் உந்தி உந்திப் போவது தோள்பட்டைக்கு ஆகாது.

ஒட்டுப்போடும் நாடா. துணிநாடா ஈரத்தில் ஒட்டவே ஒட்டாது. கூரை ஒழுக்கை அடைக்க வன்பொருள் கடையில் தார் பூசிய நாடா விற்பார்கள். அது ஓரளவு ஈரத்திலும் பிடிக்கும். எப்படியானாலும் படகைக் கவிழ்த்து, ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் துடைத்துக் காயவைத்து, உடைந்த நார்களைச் சமமாக அழுத்திவிட்டு, நாடாவை ஒட்டி, கட்டைவிரலால் சூடேறும் வரை தேய்க்க வேண்டும். நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை பாறையில் மாட்டி உரிந்துவிடும். துடைக்கும் துணியை நீர்புகாத பையில் வையுங்கள், இல்லையென்றால் அதுவும் ஈரமாகத்தான் இருக்கும். இத்தனையும் விறைத்த கையோடு, மற்ற படகுகள் கடந்துபோய்க்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். உங்கள் நண்பர் ஒரு முறை வீட்டு முற்றத்தில் குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஃபைபர்கிளாஸ்தான் என்றால் அவர் விருப்பம். நீங்கள் பிளாஸ்டிக்.

இன்னும் ஒன்றை நேரடியாகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் நீங்கள் இதுவரை வேண்டுமென்று கவிழ்ந்து நீந்தியிருக்கிறீர்களா? போட்டிக்கு முந்தைய வாரத்துக்குள் அது நடக்கவில்லை என்றால் இந்த ஆண்டு கரையில் நில்லுங்கள். கட்டிய பணம் போகட்டும். இரண்டாம் நாள் பாதையைத் தெரிந்தவர்களோடு ஒரு முறையாவது இதே நீர்மட்டத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. போட்டியன்று பாதுகாப்புக் குழுவினர் இருப்பார்கள்தான். ஆனால் அவர்கள் நிற்கும் பாறைக்கு எதிரேதான் நீங்கள் கவிழ்வீர்கள் என்று ஆறு எழுதிக்கொடுக்கவில்லை.

கயாக் சங்கங்களில் ஓடுநீர்ப் பயிற்சி வகுப்பு வைப்பார்கள், கயிற்றுப்பை (தண்ணீரில் இருப்பவரை நோக்கி வீசும், கயிறு அடைத்த பை) எறியவும் பிடிக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். கயிறு உங்களை நோக்கி வந்தால் மார்போடு பிடித்து, தோளுக்கு மேல் போட்டு, மல்லாந்து படுங்கள். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது.

---

குறுக்குத்துறை எழுதியது:

இல்லை மாமா, ஓடுகிற தண்ணீரில் கவிழ்ந்து நீந்தியதில்லை. மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் உள்ள சங்கத்தில் விசாரித்தேன், வரும் சனிக்கிழமை பயிற்சியில் இடம் இருக்கிறதாம். நண்பரையும் சேர்த்துவிட்டேன். முற்றத்தில் கை நனைத்து நாடா ஒட்டும் பரீட்சை நேற்று நடந்தது. பிளாஸ்டிக் படகு இரண்டுக்கு வாடகை கேட்டிருக்கிறோம்.

தையல்நாயகி அக்கா, முன்னெலும்புக் காப்பு வாங்கிவிட்டேன். ஷூவின் மேல் அது கணுக்கால் பக்கம் இடிக்கிறது. கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டலாமா, அல்லது சின்ன அளவு வாங்க வேண்டுமா?

---

தையல்நாயகி எழுதியது:

சின்ன அளவு வாங்குங்கள். மேலே ஏற்றினால் படகுக்குள் முழங்காலை மடக்கும்போது குத்தும். சிறுவர்களுக்கான பெரிய அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும், விலையும் குறைவு. அதன்மேல் நீளமான காலுறை போட்டுக்கொண்டால் தண்ணீரில் நழுவாது.